சிப்பி நாற்காலியில் இருப்பவர்

சேலம், செவ்வாய்ப்பேட்டை
5 செப்டம்பர் 2024

அண்ணி ரோஷன் பீவி அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். அதனால் நானும் பழைய காலத்து ஆள் மாதிரி பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். பரமத்தி வேலூரிலிருந்து வெற்றிலைக் கட்டு ஏற்றிவரும் பஸ்ஸிலேயே இந்தக் கடிதம் திரும்பி வரும். வீட்டு வேலைக்கு வரும் பாப்பாயியை அனுப்பி ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ளுங்கள். கண்டக்டர் நமக்கு வேண்டியவர், பதிலையும் அவரிடமே கொடுத்தனுப்பலாம்.

விஷயம் அந்த நாற்காலிதான். மூன்றாம் நாள் பாத்திஹாவின்போது அதைப் பற்றி நான் வாய் திறந்தது தப்பு. அண்ணனை அடக்கம் செய்த ஈரம் காயாத வீட்டில் மரச்சாமான் பேசினான் என்று சொந்தபந்தம் எல்லாம் என்னைக் கழுவி ஊற்றிவிட்டது. நீங்கள் முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினீர்கள். அதுவும் சரி.

ஆனால் அண்ணி, ஏற்காட்டில் எஸ்டேட் பங்களாவை இடித்தபோது நானும் அல்தாப் அண்ணனும் சேர்ந்து நம் பழைய மரச்சாமான் கடைக்கு எடுத்தது அது. உட்காரும் இடம் ஒரு பெரிய சிப்பி, முதுகு சாய்வது திறந்த இன்னொரு சிப்பி, கை வைக்கும் இடத்தில் வாய் பிளந்த இரண்டு மீன்கள், கால்களில் குதிரைத் தலையும் மீன் வாலும். கடைக்கு வந்தவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், போய்விடுவார்கள். பாலிஷ் போட்டுத் தருகிறேன், ஒரு வாரம் என்று சொல்லி அண்ணன் வேலூருக்குக் கொண்டுபோனார். அந்த ஒரு வாரம் நாலு வருஷமாக முடியவில்லை. கேட்டால், "அதுல உக்காந்தா கடல்ல மெதக்கற மாதிரி இருக்குதுடா நயீமு" என்பார்.

இப்போது கோவையில் ஓட்டல் கட்டும் ஒருவர் அதன் போட்டோவைப் பார்த்துவிட்டு விடாமல் கேட்கிறார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

நயீம்


பரமத்தி வேலூர்
9 செப்டம்பர் 2024

தம்பி நயீமுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

உங்கள் நம்பரை பிளாக் செய்தது நாற்காலிக்காக இல்லை. உங்கள் குரல் அவர் குரல். நீங்கள் "அண்ணி" என்று ஆரம்பிக்கும் முன்னால் வரும் அந்த மூச்சுகூட அவருடையதுதான். கல்யாணமான புதிதில் கதவுக்குப் பின்னால் நின்று நீங்கள் இரண்டு பேரும் என்னை ஏமாற்றி விளையாடியது நினைவிருக்கிறதா? அப்போது சிரித்தேன். இப்போது முடியாது. எழுத்தில் குரல் இல்லை, அதனால் எழுதுங்கள்.

நாற்காலியைத் தர மாட்டேன். நான் இத்தாவில் இருக்கிறேன். நாலு மாதம் பத்து நாள் வாசல்படி தாண்டாமல், வெளி ஆண் யார் முகமும் பார்க்காமல் இருக்க வேண்டியவள். கூடத்து நடுவில் கிடக்கும் சாமானைத் தூக்க ஆள் அனுப்பினால் நான் எங்கே போய் ஒளிவேன்?

காரணம் அது மட்டும் இல்லை. வெற்றிலை மண்டி முடித்து மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்தால் அவர் உட்காருமிடம் அதுதான். வாசல் கதவை விரல் முட்டியால் இரண்டு தட்டு. உள்ளே வந்ததும் வலது கை மீனின் தலையில் இரண்டு தட்டு. "வந்துட்டேன், எந்திரிடா" என்று அதனிடம் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். வெற்றிலைக் கொடிக்கால் மோட்டாரை வெள்ளத்திலிருந்து தூக்கப்போகிறேன் என்று கிளம்பிய அன்றும் அப்படித் தட்டிவிட்டுத்தான் எழுந்தார். ஆற்றில் போனார். மாயனூர் பக்கம் கிடைத்தார் என்றீர்கள். துணி சுற்றிக் கொண்டுவந்தீர்கள், முகத்தைக் காட்டாமலே தூக்கிப்போனீர்கள். எனக்கு மிஞ்சியது இந்த மரம்தான்.

இன்னொன்று. நாலைந்து நாளாக அந்தச் சிப்பியில் தண்ணீர் நிற்கிறது. காலையில் இல்லை, இரவில் இல்லை. லுஹருக்கு அப்புறம்தான். மேலே ஓடு ஒழுகவில்லை, மழையும் இல்லை. பாப்பாயி துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் மறுபடி நனைந்திருக்கிறது. "ஏனுங்கம்மா, நாந்தான் இப்பத் தொடச்சனுங்க" என்று என்னையே கேட்கிறாள், நான் ஊற்றிய மாதிரி.

ரோஷன் பீவி


சேலம்
14 செப்டம்பர் 2024

அண்ணிக்கு ஸலாம்.

பயப்பட ஒன்றுமில்லை. ஆற்றோர ஊர், வெள்ளம் வந்து போயிருக்கிறது, தரையெல்லாம் ஓதம். பழைய மரம் வேர்க்கத்தான் செய்யும். எங்கள் கடையில் ஒரு தேக்குப் பீரோ ஐப்பசி மாதமானால் அழுதுகொண்டே நிற்கும். நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள், சிப்பிக்குள் பழைய துணி போடுங்கள். விளக்கெண்ணெய் தடவினாலும் சரியாகிவிடும்.

முகத்தைக் காட்டவில்லை என்று மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். காட்டும்படி இருந்தால் காட்டியிருக்க மாட்டேனா? தண்ணீரில் ஊறிய உடம்பு, நேரம் கடத்தக் கூடாது என்று பெரியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பெண்கள் கபர்ஸ்தானுக்கு வருவதில்லை. அதனால் அங்கே நடந்தது உங்களுக்குத் தெரியாது. நான் குழிக்குள் இறங்கினேன். மண் தள்ளி முடித்ததும் பள்ளிவாசல் ஹஜ்ரத் தலைமாட்டில் உட்கார்ந்து தல்கீன் ஓதினார். "சபீஹாவின் மகன் அல்தாபே" என்று மூன்று தடவை கூப்பிட்டார். கபருக்குள் வானவர்கள் கேள்வி கேட்க வரும்போது தடுமாறாமல் பதில் சொல்லத்தானே அப்படிப் பெயரும் தாய் பெயரும் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எங்கள் அம்மா பெயரை அந்த இடத்தில் கேட்டேன். உங்களுக்குப் புருஷன் என்றால் எனக்குக் கூடப்பிறந்தவர் அண்ணி. அதை மட்டும் மறக்காதீர்கள்.

நயீம்


பரமத்தி வேலூர்
22 செப்டம்பர் 2024

தம்பிக்கு ஸலாம்.

மறக்கவில்லை. எனக்கு அழ ஆள் இல்லாததால் உங்களைத் திட்டுகிறேன், அவ்வளவுதான்.

ஜன்னல் பக்கம் நகர்த்தியாயிற்று. துணி போட்டாயிற்று. துணி சொட்டச் சொட்ட நனைகிறது. மர வேர்வை என்கிறீர்களே, வேர்வை ஐஸ் மாதிரி சில்லென்று இருக்குமா? கூடம் முழுக்க மீன் லாரியின் பெட்டியைத் திறந்த வாசனை. வீட்டில் மீன் வாங்கி இரண்டு மாதமாகிறது. பாப்பாயி ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "கடத்தண்ணிங்க சாமி. ராமேசுரம் போனப்ப ஒருக்கா வாய்க்குள்ள போயிருச்சுங்க, அதே கரிப்புங்க" என்றாள். காவிரித் தண்ணீர் கரிக்குமா தம்பி? குழாயில் வருவதே அதுதானே, நாம் குடித்து வளர்ந்தது.

இதைச் சொன்னால் இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பீர்கள். சொல்லிவிடுகிறேன். யாரோ வந்து உட்காருகிறார்கள். ஆனால் அவர் இல்லை. அவராக இருந்தால் சிப்பி முழுக்க நனையும். குளம் மாதிரி பரந்து உட்காருகிற ஆள் அவர். இந்த ஈரம் முன்விளிம்பில் மட்டும்தான் இருக்கிறது. தெரியாத வீட்டுக்கு வந்தவர், "உட்காருங்கள்" என்று யாரும் சொல்லாததால், நுனியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. கதவையும் தட்டவில்லை, மீன் தலையையும் தட்டவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனால் அதைவிடப் பாவமாக இருக்கிறது. வந்தவர் யாரென்று தெரியாமல் தண்ணீர்கூடக் கொடுக்க முடியவில்லை.

மாயனூரில் நீங்கள் என்ன பார்த்தீர்கள்? ஒன்று விடாமல் எழுதுங்கள்.

ரோஷன் பீவி


சேலம்
1 அக்டோபர் 2024

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் கடைக்குப் போகவில்லை. இது நம் ஈமானுக்கு ஒத்துவராத பேச்சு. ஓதுங்கள், தூங்குங்கள். நாற்காலி வேண்டாம் என்றால் சொல்லுங்கள், கோவைக்காரருக்கும் வேண்டாம், நானே வந்து கோடாலியால் பிளந்துவிடுகிறேன்.

என்ன பார்த்தேன் என்கிறீர்கள். முகம் என்று ஒன்றும் இல்லை. அண்ணன் உயரம், அண்ணன் வாட்டம். நம் மார்க்கத்தவர் உடம்புதான் என்று ஆஸ்பத்திரியிலேயே சொன்னார்கள். இடுப்பில் ஒரு கட்டம் போட்ட கைலி. அன்றைக்கு ஆற்றில் போனதாக நமக்குத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வேறு யாரை நினைப்பேன்? வலது புஜத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு தாயத்து இருந்தது. குளிப்பாட்டும்போது அதை வெட்டி என்னிடம் கொடுத்தார்கள். நீங்கள் கட்டிவிட்டதாக இருக்கும், பார்த்தால் மனசு உடையும் என்று கல்லாப் பெட்டியில் வைத்துவிட்டேன். இத்தா முடிந்ததும் தருகிறேன்.

இதற்கு மேல் என்னைத் தோண்டாதீர்கள்.

நயீம்


பரமத்தி வேலூர்
3 அக்டோபர் 2024

நயீம்,

நான் அவருக்குத் தாயத்து கட்டியதே இல்லை. யார் கட்டியிருந்தாலும், "இதென்னப்பா ஆட்டுக்குக் கட்டற கயிறு" என்று கேலி பேசுகிற ஆள் அவர். அன்று கொடிக்காலுக்குக் கிளம்பும்முன் குளித்தபோது நான்தான் முதுகுக்குத் தண்ணீர் ஊற்றினேன். அவர் கையில் ஒன்றும் இல்லை.

புருஷன் புஜத்தில் என்ன இருந்தது என்று தெரிந்தவள் நான். உடம்பைப் பார்த்தவர்கள் நீங்கள். நடுவில் ஒரு வார்த்தை கேட்கவில்லையே தம்பி!

அந்தக் கயிற்றுக்குச் சொந்தக்காரர் யார் என்று தேடுங்கள். மீன் லாரியில் ஆரம்பியுங்கள்.

ரோஷன் பீவி


சேலம்
25 அக்டோபர் 2024

அண்ணிக்கு ஸலாம்.

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மீன் மார்க்கெட், லாரி ஆபீஸ் என்று அலைந்தேன். ஜேடர்பாளையம் அணைப் பக்கம் மீன் வறுத்து விற்கும் சின்னண்ணன் என்ற ஆள்தான் சொன்னார். "ஆமாங்க, ஆடி வெள்ளத்தப்ப மீன் ஏத்தற ஐஸ் லாரில வந்த லோடுமேன் ஒருத்தரு குளிக்க எறங்குனாருங்க. மறுக்கா மேல வரலீங்க. டிரைவரு ரெண்டு நாளு தேடிப்போட்டுப் போயிட்டாருங்க." அந்த டிரைவரைப் பிடித்தேன். ஆள் பரங்கிப்பேட்டை. பெயர் மீரா மைதீன். கடலில் மீன்பிடிப் படகில் போய்க்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு லாரிக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

அவருடைய தம்பி சேலத்துக்கு வந்தார். கல்லாப் பெட்டியைத் திறந்து தாயத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அதைப் பார்த்ததும் அந்த மனிதர் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கயிற்றின் முடிச்சு வலை முடிச்சு. அவர்கள் அம்மா ஆமினா கட்டிவிட்டது. போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறோம், சோதனை எல்லாம் வர நாளாகும். ஆனால் எனக்குச் சந்தேகம் இல்லை. வேலூர் கபர்ஸ்தானில் என் அண்ணன் பெயரில் படுத்திருப்பது அவர்தான். உங்களை விதவையாக்கி உட்கார வைத்தது என் அவசரம்.

ஹஜ்ரத்திடம் கேட்டேன். அல்தாப் அண்ணன் இறந்தது உறுதியாகாமல் இத்தாவே இல்லை என்கிறார். இருக்கிறாரா இல்லையா என்று தெரியும்வரை நீங்கள் அவருடைய மனைவிதான். இதைக் கேட்டு அழுவதா சந்தோஷப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் பரங்கிப்பேட்டை போய் அந்த அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன். அதற்குப் பிறகு உங்களைப் பார்க்க வருகிறேன், நீங்கள் அனுமதித்தால்.

நயீம்


பரமத்தி வேலூர்
1 நவம்பர் 2024

தம்பிக்கு ஸலாம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் அல்லாஹ்வுக்கு ஷுக்ரு செய்தேன். அதற்கப்புறம் வெட்கமாகப் போயிற்று. எனக்கு வந்த நம்பிக்கை பரங்கிப்பேட்டையில் ஒரு தாயின் வயிற்றெரிச்சல். அந்த அம்மாவிடம் என் ஸலாத்தைச் சொல்லும்படி உங்களைக் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கிளம்புவதற்குள் எழுதத் தோன்றவில்லை.

நீங்களே எழுதினீர்களே, தல்கீனில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று. அதை இப்போதுதான் சரியாகப் புரிந்துகொண்டேன். தெரியாத ஊரில், முகமும் இல்லாமல் கிடந்தவரை, "சபீஹாவின் மகன் அல்தாபே" என்று மூன்று தடவை கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டீர்கள். பாவம், அவர் என்ன செய்வார்? சொன்ன பெயரைப் பிடித்துக்கொண்டு அல்தாப் வீட்டுக்கு வந்தார். வந்த வீட்டில் அவருக்குத் தெரிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சிப்பியும் மீனும். அதில் நுனியில் உட்கார்ந்துகொண்டார். நம் ஈமானுக்கு இது ஒத்துவருமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

திங்கட்கிழமை லுஹருக்கு அப்புறம் கூடத்தில் திரை கட்டினேன். இத்தா இல்லாவிட்டாலும் அவர் வெளி ஆண்தானே. முக்காடு போட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றேன். ஈர வாசனை வந்தது. பாப்பாயி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொன்னேன்: "நீங்க அல்தாப் இல்லீங்க. நீங்க ஆமினாம்மா மகன் மீரா மைதீன். உங்க ஊரு பரங்கிப்பேட்டை. உங்க தம்பி வந்து உங்களக் கண்டுபுடிச்சுட்டாரு. இது உங்க ஊடு இல்லீங்க." இதையே மூன்று தடவை சொன்னேன், ஹஜ்ரத் கூப்பிட்ட மாதிரி.

மரம் முனகிய சத்தம் கேட்டது. எடை எழுந்தால் நாற்காலி விடுமே, அந்தச் சத்தம். அவ்வளவுதான். அன்றிலிருந்து சிப்பி எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கிறது. நாற்காலி காலியாகிவிட்டது என்று கையால் தடவிப் பார்த்தே தெரிந்துகொண்டேன். ஒருவர் இருக்கும் இடத்தில் இன்னொருவர் எப்படி வந்து உட்காருவார் என்று இத்தனை நாள் யோசிக்காமல் போனேன்.

இப்போது உங்கள் மேல் ஒரு கோபம் இருக்கிறது. நேற்று மத்தியானம் நீங்கள் வந்தது தப்பு தம்பி. அனுமதித்தால் வருகிறேன் என்று எழுதிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வந்து நிற்கலாமா? கதவை இரண்டு தட்டுத் தட்டினீர்கள், சரி. ஆனால் "ரோஷனு, கதவத் தெற" என்று பெயர் சொல்லியா கூப்பிடுவது? பழைய விளையாட்டை விளையாடுகிற நேரமா இது? குரலைக் கேட்டால் தாங்காது என்றுதானே முதல் கடிதத்திலேயே எழுதினேன். நான் தரையில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். பாப்பாயி திறக்கப் போனாள், நான்தான் விடவில்லை. "கால் கடுக்குது, தெற புள்ள" என்று இன்னொரு தடவையும் கேட்டீர்கள். அப்புறம் சத்தம் இல்லை. இனி இப்படிச் செய்யாதீர்கள்.

ரோஷன் பீவி


சேலம்
2 நவம்பர் 2024

அண்ணி,

இதைப் படித்தவுடன் எனக்குப் போன் செய்யுங்கள். பிளாக்கை எடுங்கள்.

நான் வரவில்லை. அல்லாஹ் மேல் ஆணையாக நான் வேலூருக்கு வரவில்லை. நேற்று முன்தினம் மத்தியானம் நான் பரங்கிப்பேட்டையில் ஆமினாம்மா எதிரில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ராத்திரி பஸ் ஏறி நேற்றுக் காலைதான் சேலம் வந்தேன்.

வாசலில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அக்கம்பக்கத்தில் கேளுங்கள், கொடிக்கால் பக்கம் ஆள் அனுப்புங்கள். அண்ணன் உயிரோடு வந்து எங்காவது சோர்ந்து கிடக்கிறாரோ என்னவோ. இங்கே போலீஸில் சொல்லிவிட்டு நாளைக்கு நானும் கிளம்பி வருகிறேன். கதவைத் திறந்து வையுங்கள் அண்ணி.

நயீம்


பரமத்தி வேலூர்
3 நவம்பர் 2024

தம்பி,

பாப்பாயியின் மகன் தனபால் பைக்கில் வந்து இதை உங்கள் கையில் கொடுப்பான். நீங்கள் கிளம்புவதற்குள் கிடைக்க வேண்டும். போன் செய்யவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அக்கம்பக்கத்தில் கேட்டாயிற்று, யாரும் பார்க்கவில்லை. கொடிக்கால் முழுக்கத் தேடிவிட்டார்கள், அங்கும் ஆள் இல்லை. ஆனால் எங்கள் வாசல் கதவில், அவர் எப்போதும் தட்டுகிற உயரத்தில், விரல் முட்டி அளவுக்கு இரண்டு இடத்தில் ஆற்றுச் சேறு காய்ந்திருக்கிறது. மஞ்சள் சேறு. நான் அதைத் துடைக்க விடவில்லை.

கால் கடுக்கிறது என்று சொன்னாரே தம்பி. என் கையெட்டும் தூரத்தில் தாழ்ப்பாள் இருந்தது. கொழுந்தன் விளையாடுகிறார் என்று நினைத்துக் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, பாவி. அவர் உயிரோடு வந்தாரா, எப்படி வந்தாரோ, எனக்கு அது வேண்டாம். வந்தார். நான் திறக்கவில்லை.

இப்போது கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். திரையை அவிழ்த்தாயிற்று. நாற்காலியை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருக்கிறேன், மீன் தலைகளுக்கு எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். நான் எதிரில் தரையில் உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் வாருங்கள். வர வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வாசலில் நின்று கூப்பிடாதீர்கள், போனிலும் கூப்பிடாதீர்கள். கதவைத் தட்டாதீர்கள். இருமிக்கூடத் தொலைக்காதீர்கள். பேசாமல் உள்ளே வந்து என் கண்ணுக்கு முன்னால் நில்லுங்கள். குரல் கேட்டால் இந்தத் தடவை நான் யாரென்று பார்க்க மாட்டேன் தம்பி, எழுந்து ஓடி வந்துவிடுவேன்.

ரோஷன் பீவி